எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதவர்: தஞ்சைச் சந்துகளில் நடந்த பேட்ரிக் கெடிஸ்

பாச்சாங்: ஆண்டுக்கு இரண்டு தவணை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். ‘சுக்காய் பிந்து’ என்றால்தான் நம்மில் பலருக்குச் சட்டென்று புரியும். கட்டிவிட்டு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது மனத்தில் ஒரு கேள்வி எழும். இந்தப் பணத்தில் எது முதலில் நடக்கும்? அடைத்துக் கிடக்கும் கால்வாயா, எரியாத தெருவிளக்கா, பிள்ளைகள் விளையாடும் திடலா? வரவு செலவுத் திட்டம் போட உட்காரும் ஊராட்சி மன்றத்துக்கும் அதே கேள்விதான். வருகிற பணம் ஒரு பை, வேண்டியது ஒரு லாரி.

எதை முதலில் செய்வது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்காகவே வாழ்நாளைச் செலவழித்த ஒருவர், 1914-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகத்துக்கு வந்தார். நம் தாத்தா பாட்டிகள் சஞ்சியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்டுவந்த ஊர்களின் சந்துகளில், கையில் வரைபடத்தோடு, வெயிலில் மணிக்கணக்கில் நின்றவர் அவர். பெயர் சர் பேட்ரிக் கெடிஸ். நகரமைப்பு படிக்கும் மாணவர்கள் உலகம் முழுவதும் அவரை அறிவார்கள். நம் ஊர் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தினர் அவரை அறிந்திருப்பது அரிது. ஆனால் அவர் சொன்னது அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

பட்டம் வாங்காத பேராசிரியர்

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை படைவீரர். மகனுக்கு அவர் கொடுத்த முதல் பாடம் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. பள்ளி முடிந்ததும் பையனை ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்த்தார்கள். ஒன்றரை ஆண்டு அங்கே கணக்கு எழுதினார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, லண்டனில் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் படித்தார். கடைசிவரை அவர் ஒரு பல்கலைக்கழகப் பட்டமும் வாங்கவில்லை. ஆனாலும் பின்னாளில் டண்டி நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக முப்பது ஆண்டுகள் இருந்தார்.

1879-இல், இருபத்தைந்து வயதில், ஆய்வு வேலையாக மெக்சிகோ போனார். அங்கே திடீரென்று கண் பார்வை மங்கிப்போனது. பல வாரங்கள் இருட்டறையில் கிடக்க வேண்டியதாயிற்று. படிக்க முடியாது, எழுத முடியாது. ஒரு விஞ்ஞானிக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன?

அந்த இருட்டில் அவருடைய விரல்கள் ஜன்னலைத் தடவின. கண்ணாடிகள் கட்டம் கட்டமாகச் சட்டத்தில் பொருந்தியிருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயத்தை வைத்து, பக்கத்துக் கட்டத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று யோசிக்கத் தொடங்கினார். பிறகு காகிதத்தை மடித்துக் கட்டங்கள் செய்துகொண்டார். பார்வை திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாகும்வரை காகிதம் மடித்துக்கொண்டே இருந்தார். மாணவர்கள் சிலர் இதைக் கிண்டல் செய்ததும் உண்டு.

அந்தக் காகிதத்தில் அவர் அடிக்கடி எழுதிய மூன்று சொற்கள் இடம், தொழில், மக்கள். மூன்றையும் மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும் எழுதினால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். இடம் தொழிலை எப்படி மாற்றுகிறது, தொழில் மக்களை எப்படி மாற்றுகிறது, மக்கள் இடத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும்.

கேட்பதற்குப் புத்தகப் பாடம் போலத் தோன்றும். நம் கதையை அதில் போட்டுப் பாருங்கள். இடம், மலாக்காவில் ஒரு ரப்பர்த் தோட்டம். தொழில், விடியற்காலையில் பால் மரம் சீவுவது. மக்கள், லயன் வீட்டில் குடியிருந்த குடும்பங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. பிள்ளைகள் பாத்து பிரண்டாமுக்கும் பாச்சாங்குக்கும் தொழிற்சாலை வேலை தேடி வந்தார்கள். தொழில் மாறியதும் மக்கள் நகர்ந்தார்கள், மக்கள் நகர்ந்ததும் வயல்வெளியும் தோப்புமாக இருந்த இடம் தாமானாக மாறியது. இப்போது அங்கே மழைநீர் வடிய வழியில்லை. இந்தச் சங்கிலியைப் பார்க்காமல் கால்வாயை மட்டும் பார்த்தால், அதை அகலப்படுத்துவதா, ஆழப்படுத்துவதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தண்ணீர் ஏன் இங்கே வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கெடிஸின் கட்டங்கள் அதைத்தான் கேட்க வைக்கும்.

சேரியில் குடியேறிய தம்பதி

1886-இல் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணை மணந்தார். வசதியான வணிகக் குடும்பத்துப் பெண். மணமான கொஞ்ச காலத்தில் இருவரும் எடின்பரோ நகரின் பழைய பகுதியில், ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில் வீடு பார்த்துக் குடியேறினார்கள். நல்ல பகுதியில் வீடு கிடைக்காமல் இல்லை. ஜேம்ஸ் கோர்ட் அப்போது நெரிசலும் அழுக்கும் நிறைந்த ஏழைகள் குடியிருப்பு. உயரமான பழைய கட்டடங்கள், வெளிச்சமில்லாத மாடிப்படிகள்.

அங்கே அவர்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. கூட்டினார்கள், கழுவினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பாழடைந்த சில கட்டடங்களைப் பழுதுபார்த்து மாணவர்களுக்கு விடுதியாக்கினார். எந்தக் கட்டடத்தை இடிப்பது, எதை விடுவது என்பதை அங்கே குடியிருந்துகொண்டே முடிவு செய்தார்.

1892-இல் அதே பகுதியில் ஓர் உயரமான கட்டடத்தை வாங்கி, அவுட்லுக் டவர் என்று பெயர் சூட்டினார். உச்சியில் ஒரு இருட்டறைக் கண்ணாடிக் கருவி. அதில் நகரம் முழுவதும் ஒரு வெள்ளை மேசைமேல் நிழற்படமாக அசையும். அதற்குக் கீழ்த்தளத்தில் எடின்பரோ, அதற்கும் கீழே ஸ்காட்லாந்து, இன்னும் கீழே ஐரோப்பா, கடைசியில் உலகம். வருகிறவர்கள் முதலில் தங்கள் ஊரைப் பார்க்க வேண்டும், உலகம் பிறகு. வந்தவர்களை மாடிப்படியில் வேகமாக ஏற்றி, மூச்சுவாங்க நிற்கும்போதே காட்டத் தொடங்குவாராம். படபடப்போடு பார்த்தால் மனத்தில் பதியும் என்பது அவர் கணக்கு.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு கெடிஸை அழைத்தார். நகரங்களைப் பற்றி அவர் திரட்டிய வரைபடங்கள், படங்கள் அடங்கிய கண்காட்சி 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பெரும் பரிசு பெற்றிருந்தது. அதைக் கொண்டுவந்து சென்னையில் காட்ட வேண்டும், மாகாணத்து ஊர்களையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூத்த மகன் அலஸ்டேருடன் கெடிஸ் ஒரு கப்பலில் புறப்பட்டார். கண்காட்சிப் பெட்டிகள் கிளான் கிராண்ட் என்ற இன்னொரு கப்பலில் வந்தன.

அந்த நேரத்தில் இந்தியப் பெருங்கடலில் எம்டன் சுற்றிக்கொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் போர்க்கப்பல். அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்ததும் அதுவே. அதன் பிறகு தமிழில் கில்லாடி ஆளுக்கு ‘எம்டன்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பினாங்குக்கு வருவதற்குச் சில நாள் முன்பு எம்டன் பிடித்து மூழ்கடித்த கப்பல்களில் கிளான் கிராண்டும் ஒன்று. கெடிஸ் பல ஆண்டுகளாகச் சேர்த்ததெல்லாம் கடலுக்கடியில் போய்விட்டது.

அவர் திரும்பிப் போகவில்லை. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களையும் வரைபடங்களையும் சேகரித்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. அது வந்து சேரும்வரை கெடிஸ் சும்மா இருக்கவில்லை. மாகாணத்து ஊர்களுக்குப் புறப்பட்டுவிட்டார்.

முப்பதாயிரமா, ஐயாயிரமா?

மதுரை, காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்கள் அவரை மயக்கின. தேரோடும் வீதிகளின் அகலத்தையும், வீட்டுக்கு வீடு இருந்த மரங்களையும், குளங்களையும் பார்த்து வியந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் பலருக்கு நோய்க் கிடங்காகத் தெரிந்த ஊர்கள், அவருக்குப் பல நூற்றாண்டு யோசித்துக் கட்டிய ஊர்களாகத் தெரிந்தன. பழுதாகிப்போன இடங்கள் இருந்தன, அவ்வளவுதான்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. அங்கே வீடுகள் நெருக்கமாக இருந்தன. சந்துகள் வளைந்து வளைந்து போயின. சுகாதாரத்துக்காக ஒரு திட்டம் ஏற்கெனவே தயாராகியிருந்தது. வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து நேர்கோடாகத் தெருக்களைப் போடுவது, குறுக்கே வரும் வீடுகளை இடிப்பது. அந்தக் காலத்தில் நகரங்களைச் சுத்தப்படுத்துவது என்றாலே இதுதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதை.

கெடிஸ் வரைபடத்தை எடுத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினார். ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். எது உறுதியான வீடு, எது இடிந்து ஆள் இல்லாமல் கிடக்கிறது, எங்கே காலி மனை இருக்கிறது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே சிறு கோயில் என்று குறித்துக்கொண்டார். இது சலிப்பூட்டும் வேலை. அலுவலக மேசையில் ஒரு மணி நேரத்தில் கோடு போட்டுவிடலாம், இதற்கு நாள் கணக்கில் ஆகும்.

குறித்து முடித்தபோது வேறு ஒரு திட்டம் கிடைத்தது. பழைய சந்துகள் அப்படியே இருக்கட்டும். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்தால் மூச்சு முட்டும் இடங்கள் விரியும். காலி மனைகளைச் சேர்த்தால் மரம் நட்டுப் பிள்ளைகள் விளையாடச் சிறு முற்றங்கள் கிடைக்கும். அந்த முற்றங்களைச் சந்துகளோடு இணைத்தால் காற்றும் வரும், நடக்க வழியும் வரும். நல்ல வீடு எதுவும் இடிபட வேண்டாம்.

செலவு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதையின் உயிர். நேர்கோட்டுத் திட்டத்துக்கு 30,000 ரூபாய் மதிப்பிட்டிருந்தார்கள். கெடிஸின் மாற்றுக்குச் சுமார் 5,000 ரூபாய் போதும் என்று கணக்கு வந்தது. ஆறில் ஒரு பங்கு. மிச்சமாகும் பணத்தில் இன்னும் ஐந்து பகுதிகளுக்கு வைத்தியம் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இடிபட்ட வீட்டுக்காரர்கள் ஆவியாகிவிட மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும் வீட்டில் ஒண்டிக்கொள்வார்கள். அங்கே நெரிசல் கூடும், நோய் கூடும். அப்புறம் அந்தத் தெருவையும் இடிக்க வேண்டிவரும். ஒரு செலவு இன்னொரு செலவைப் பெற்றுப் போடும். இதையெல்லாம் முதல் மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்திலிருந்து கிளம்பி, உறவினர் வீட்டில் இரண்டு குடும்பமாக முடங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தன் முறைக்கு மருத்துவத்திலிருந்து அவர் எடுத்த பெயரைத் தமிழில் ‘காக்கும் அறுவை’ எனலாம். கெட்டுப்போன சதையை மட்டும் எடுத்து, உடம்பைக் காப்பது. அதற்கு முன்னால் இரண்டு படிகள். முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். பிறகு நோய் என்ன, அது எங்கே தொடங்கியது என்று கண்டறிய வேண்டும். வைத்தியம் மூன்றாவதுதான். திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. பணத்தைப் பங்கிடுகிறவர்களுக்குத்தான் புதிது. அங்கே பெரும்பாலும் வைத்தியத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற நோயைத் தேடுவார்கள்.

1917

இந்தியாவில் அவருக்கு வேலை குவிந்தது. சமஸ்தானங்கள் அழைத்தன, நகராட்சிகள் அழைத்தன. ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுதினார். குளம் இருந்தால் கொசு வரும், தூர்த்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொன்ன இடங்களில், குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசு அடங்கும், குளிர்ச்சியும் மிஞ்சும் என்று வாதாடினார். தூர்ப்பதற்கு ஆகும் செலவும் மிச்சம்.

மகன் அலஸ்டேர் ஐரோப்பியப் போருக்குப் போயிருந்தார். 1917 ஏப்ரலில் பிரான்சில் குண்டடிபட்டு இறந்தார். தந்தி இந்தியாவுக்கு வந்தபோது அன்னா கடும் நோயில் படுத்திருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் கெடிஸ் சொல்லவில்லை. ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னாவும் இறந்துபோனார், மகன் இறந்தது தெரியாமலே. ஜேம்ஸ் கோர்ட்டில் வாளியும் துடைப்பமுமாக அவரோடு நின்ற பெண்.

அதே ஆண்டில் இந்தூர் சமஸ்தானத்தின் வேலையை ஏற்றார். அங்கே பிளேக் நோய் பரவியிருந்தது. கையில் வரைபடத்தோடு சந்து சந்தாகச் சுற்றும் தாடிக்கார வெள்ளையனைப் பார்த்து ஊர் பயந்தது. வீடுகளை இடிக்க வந்தவன், நோயைக் கொண்டுவருகிறவன் என்றெல்லாம் பேச்சு. மக்கள் நம்பாதபோது நூறு பக்க அறிக்கையால் என்ன பயன்?

அவர் அரசரிடம் ஒரு நாள் மட்டும் தன்னை ராஜாவாக்கும்படி கேட்டார். கிடைத்தது. தீபாவளிக்கு ஒரு மாபெரும் ஊர்வலம் நடக்கும் என்று அறிவித்தார். வழக்கமான பாதையில் ஊர்வலம் போகாது. எந்தத் தெருக்களில் அதிக வீடுகள் சுத்தம் செய்யப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, வெள்ளையடிக்கப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெருக்கள் வழியாகத்தான் போகும். வீட்டுக் குப்பையை அள்ளிப்போக வண்டிகள் இலவசம்.

ஊர் புரண்டது. தெருவுக்குத் தெரு போட்டி. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது, எலிகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. ஊர்வலத்தில் யானை, குதிரை, ராவணன் உருவம், பிளேக்கைக் காட்டும் ராட்சத எலி எல்லாம் போயின. அவற்றுக்கு நடுவே கெடிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களை நடக்க வைத்தார். வெள்ளை உடையில், மாலையோடு. அவர்களுடைய குப்பை வண்டிகளுக்கு வண்ணம் பூசி, மாடுகளின் கொம்புக்கும் சாயம் அடித்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. மலாயாவின் டவுன் போர்டுகளிலும் சானிட்டரி போர்டுகளிலும் கால்வாய் கழுவியவர்களும் குப்பை அள்ளியவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். எந்தக் கால்வாய் எப்போது அடைக்கும், எந்தச் சந்தில் தண்ணீர் தேங்கும் என்பது பொறியாளரைவிட அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். எது முதலில் வேண்டும் என்று அவர்களைக் கூப்பிட்டுக் கேட்ட கூட்டம் எத்தனை இருக்கும்? கெடிஸ் அவர்களை ஊர்வலத்தின் நடுவில் வைத்தது வேடிக்கைக்காக அல்ல.

அந்தப் பருவத்தில் பிளேக் அடங்கியது. ஊர்வலத்தால்தான் அடங்கியதா, பருவம் முடிந்ததால் அடங்கியதா என்று கேட்கலாம். இந்தக் கதையைப் பின்னாளில் சொன்னவரும் கெடிஸ்தான், அதனால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். ஆனால் ஊர் சுத்தமானது நடந்தது. அதற்குச் சமஸ்தானத்தின் கையிலிருந்து போன பணம், ஒரு பெரிய கழிவுநீர்க் குழாய்த் திட்டத்தோடு ஒப்பிட்டால் சொற்பம்.

இந்தூருக்காக அவர் எழுதிய அறிக்கை 1918-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய கழிவுநீர்த் திட்டம் போட்டால் அதுவே கருவூலத்தைத் தின்றுவிடும், வீட்டுக்கும் தண்ணீருக்கும் தோட்டத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது என்பது அதில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. சுகாதாரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரே செலவு மற்ற எல்லாச் செலவையும் விழுங்கக்கூடாது என்றார்.

அவர் செய்யாதது

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கெடிஸின் பேச்சு வேகமானது, தாடிக்குள் முணுமுணுப்பார், எழுத்து சுற்றிச் சுற்றிப் போகும். அவர் எழுதிய இந்திய அறிக்கைகளில் பெரும்பகுதி அலமாரியில் தூங்கியது. பொறியாளர்களை அவர் வெளிப்படையாகக் கிண்டல் செய்ததால், அறிக்கையை நிறைவேற்ற வேண்டியவர்களே அவருக்கு எதிராளி ஆனார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சந்துக்குள் நடந்து, மக்களோடு பேசி, வரிசையை அவரே முடிவு செய்தார். அவர் போன பிறகு யார் முடிவு செய்வது? இந்தூரில் ஒரு நாள் ராஜாவாக இருந்ததால் காரியம் நடந்தது. மறுநாள் யார் ராஜா? இந்தக் கேள்விக்கு அவரிடம் தெளிவான விடை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த விடையைப் பிறகு வந்தவர்கள் தேடினார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதியைக் குடியிருப்பாளர் கூட்டங்களிலேயே முடிவு செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் பினாங்கு 2012-இல் பாலினச் சமத்துவத்தோடு கூடிய பங்கேற்பு வரவு செலவு முறையைத் தொடங்கியது. மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போரிடம் முதலில் விவரம் சேகரித்தார்கள். ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் எனக் குழுக்களாகப் பேச வைத்தார்கள். பிறகு எது முதலில் வேண்டும் என்று வாக்களிக்க வைத்தார்கள். கெடிஸின் முதல் இரண்டு படிகளும் அதில் இருக்கின்றன. அவரிடம் இல்லாத மூன்றாவது, அந்த வாக்கு.

மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968-இல் பரிந்துரை எழுதி முடித்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஆதலால் எது முதலில் என்ற கேள்வியில் நம் பங்கு வாக்குப் பெட்டி வழியாக வராது. கையில் விவரத்தோடு போனால்தான் உண்டு.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். தோட்டச் சாலை தனியார் நிலம், ஆகவே மன்றத்தின் பொறுப்பல்ல என்ற பதிலை எத்தனை முறை கேட்டிருப்பார்கள். கெடிஸின் வரைபடத்தில் நில உரிமைக் கோடு ஒன்றுதான், அதுவே எல்லாம் இல்லை. அந்தச் சாலையில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள், மழையில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

கடைசி ஆண்டுகள்

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைச் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக அமர்த்தியது. 1924 வரை அங்கே இருந்தார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920-இல் வெளியிட்டார். 1925-இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்தார். உடல்நலம் குன்றியதும் தெற்குப் பிரான்சின் மான்பெலியே நகருக்குப் போய், அங்கே ஒரு மாணவர் விடுதியைக் கட்டத் தொடங்கினார். தோட்டத்தோடு சேர்த்துத்தான். 1932-இல் சர் பட்டத்தை ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி மான்பெலியேயில் காலமானார். வயது 77.

அவர் வலியுறுத்திய ‘முதலில் ஆய்வு, பிறகு திட்டம்’ என்ற வழக்கம் பிரிட்டிஷ் நகரமைப்புச் சட்டங்களுக்குள் போய், அங்கிருந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, மாநிலக் கட்டமைப்புத் திட்டம் வரைவதற்கு முன் அந்த மாநிலத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைப் பெறவும் சொல்கிறது. உள்ளூர்த் திட்டத்துக்கும் அதே நடைமுறை உண்டு.

வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது நாளிதழ்களில் அறிவிப்பு வரும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். கண்காட்சி அரங்கில் நம் தாமானின் வரைபடம் சுவரில் தொங்கும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மூலையில் இருட்டு, எந்தக் காலி மனையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அதைக் குறித்துக்கொண்டு போய், குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கலாம்.